இஸ்தோப்புக்குள் நாற்பத்தைந்து கிலோமீற்றர்

நிறுத்தி வைத்திருக்கும் எந்தச் சைக்கிளைக் கடந்து போனாலும் கணபதி மாமா அதன் பின்சக்கரத்தைப் பெருவிரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார். அது யாருடைய சைக்கிள் என்பது அவருக்கு முக்கியமில்லை. இரத்தோட்டை பஸார், கோயில் வாசல், செத்த வீடு, எங்கே என்றாலும் அமுக்கிப் பார்ப்பார். காற்றுக் குறைவாக இருந்தால் சொந்தக்காரர் வரும்வரை பக்கத்தில் நிற்பார். வந்ததும், "இதோட எறக்கத்துல போவாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடப்பார். பள்ளிக்கூடம் போன காலத்தில் எனக்கு இது பெரிய வெட்கமாக இருந்தது. அடுத்தவர் பொருளைத் தொடுகிறாரே என்று நான் நாலடி முன்னால் நடந்துவிடுவேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. இரத்தோட்டைக்கு மேலே ஆறு கிலோமீற்றர் ஏற்றத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் தபால்காரர். தோட்டத்து ஆபீஸ் கடிதங்களைத் தோல்பையில் போட்டுக்கொண்டு காலையில் இறங்குவார். வந்த கடிதங்களோடு பகலில் ஏறுவார். இறங்கும்போது மிதிக்கத் தேவையில்லை. ஏறும்போது பாதித் தூரம் தள்ளத்தான் வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் மூன்று மொழியிலும் விலாசம் வாசிப்பார். இருபத்தாறு வருடத்தில் ஒரு கடிதம்கூட ஆள் மாறிப் போனதில்லை.

என் அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அந்த மாதமே மாமா ஒரு டிரங்குப் பெட்டியும் சைக்கிளுமாக எங்களிடம் வந்துவிட்டார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருந்தது காம்பரா என்கிற ஒரே அறை, அதன் முன்னால் பத்தடிக்குப் பத்தடியில் இஸ்தோப்பு என்கிற வாசல் திண்ணை. திறந்து கிடந்த அந்த இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து, கதவு போட்டு, மாமாவின் இடமாக்கினோம். ஒரு சுவரோரம் மாமா படுப்பார். மற்றச் சுவரோரம் சைக்கிள் நிற்கும். மிச்ச மூலைகளில் அம்மாவின் அடுப்பும் என் மேசையும். யாராவது அவருக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தால் அம்மா, "அவனுக்கு எதுக்கு, அதான் பக்கத்துலயே ஒண்ணு நிக்குதே" என்பார். மாமா சிரிப்பார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் எனக்கு வந்த நாளில் மாமா அதைத் தபால் பையில் போடவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அன்று ஏற்றம் முழுவதையும் தள்ளாமல் மிதித்தே வந்ததாகப் பிறகு சொன்னார். உறை வியர்வையில் நனைந்திருந்தது.

"பிரிச்சுப் பாக்கலையா மாமா?"

"பேரு ஒன்னோடது. நான் எப்படிப் பிரிக்கிறது?"

நான் வாசித்துச் சொன்னதும் மாமா தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு அம்மாவிடம், "அக்கா, நான் ஒரு நேர்த்தி வச்சிருக்கேன்" என்றார்.

என் உயர்தரப் பரீட்சைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, தோட்டத்து ஆட்களோடு பஸ்ஸில் வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் போயிருக்கிறார். நாங்கள் இந்துக்கள்தான். ஆனாலும் எங்கள் லயத்தில் அந்தோனியாரிடம் ஏதாவது கேட்காத வீடு கிடையாது. அக்கா மகள் கெம்பஸ் போனால் வீட்டிலிருந்து சைக்கிளை மிதித்தே வந்து, திருநாளன்று மெழுகுதிரி கொளுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். பஸ் கண்டக்டர் ஒருவரிடம் விசாரித்து, தூரம் நாற்பத்தைந்து கிலோமீற்றர் என்றும் முடிவு செய்திருந்தார்.

"போறதுதான் அவருக்கு. திரும்பி வாறது என் பாடு" என்றார்.

அந்த வருடத் திருநாளுக்கு கொரோனாவால் ஒருவரும் போகவில்லை. அடுத்த வருடம் நாட்டில் பெற்றோல் இல்லை. அது சைக்கிளுக்கு நல்ல வருடம். ஜூன் மாதம் பிறந்ததும் மாமா சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, புது டியூப் மாட்டித் தயாராகிவிட்டார். நான் அப்போது முதலாம் வருடம். விடுதியிலிருந்து போனில் பேசியபோது, "இப்ப வேணாம் மாமா. நான் பட்டம் எடுத்த பிறகு போவோம். நானும் வாறேன்" என்றேன்.

"நீயும் வாறியா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

உண்மையான காரணம் வேறு. என்னோடு படித்த லோஜனாவின் அப்பா யாழ்ப்பாணத்தவர், வஹகோட்டைக்குப் பக்கத்துக் கலேவெலவில் அரசாங்க உத்தியோகம். திருநாளுக்கு வஹகோட்டைக்குப் போகப் போவதாகவும் நானும் வர வேண்டும் என்றும் லோஜனா கேட்டுக்கொண்டிருந்தாள். என் மாமா தபால் கந்தோரில் உத்தியோகத்தர் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அந்த மாமா காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, வியர்வையோடு, கோயில் வாசலில் ஊரார் சைக்கிள்களை அமுக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வேண்டாம் என்றேன். இதை நான் மாமாவிடம் சொன்னதில்லை.

அவர் காத்திருந்தார். ஒவ்வொரு ஜூனிலும், "நீ வருவல்ல, சேந்தே போவோம்" என்பார்.

நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வளைவில் இடப்பக்கமாக வந்த ஓட்டோவைப் பார்க்காமல் மாமா பாதையோரக் கானுக்குள் விழுந்தார். கையில் சிராய்ப்புத்தான். ஆனால் பார்க்காமல் போனது ஏன் என்று டிஸ்பென்சரியில் கேட்டார்கள். அங்கிருந்து மாத்தளை, மாத்தளையிலிருந்து கண்டி. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை தேய்ந்துவிட்டது, நடுவில் மட்டும்தான் மிச்சம், போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். எத்தனை காலமாக இப்படி என்று கேட்டதற்கு மாமா, "பக்கத்துல வாறதக் காதால கேட்டுக்குவேன்" என்றாராம். பாதையில் சைக்கிள் ஓட்டவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். தோட்டத்தில் அவரை ஆபீஸ் பியூன் ஆக்கினார்கள்.

நான் பட்டத்தோடு வீடு வந்தபோது சைக்கிள் வழக்கமான சுவரோரம் நின்றது. மாமா தினமும் அதன் பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்து, காற்று அடித்து வைத்திருந்தார். எனக்கும் வேலை இல்லை. நாங்கள் இரண்டு பேரும் இஸ்தோப்பில் எதிரெதிரே உட்கார்ந்து, நான் விண்ணப்பம் நிரப்புவேன், அவர் உறையில் விலாசம் எழுதுவார்.

"அந்தோனியார் எனக்கு வேலை எடுத்துத் தரமாட்டாரா மாமா?"

"நான் கெம்பஸ் வரைக்குந்தான் கேட்டேன். அதுக்கே கடன் நிக்குது. வேலைய நீ தனியா கேட்டுக்க."

இரத்தோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஸுஹைல் ஒரு நாள் எனக்குப் போன் எடுத்தார். ஒரு வெள்ளைக்காரர் திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத சாமான் ஒன்று கடையில் கிடக்கிறதாம். சைக்கிளின் பின்சக்கரத்தை அதில் பூட்டிவிட்டால் இருந்த இடத்திலேயே மிதிக்கலாமாம்.

"ஆறு மாசமா கெடக்கு தங்கச்சி. ஆளு வந்தா திருப்பிக் குடுப்போம். அதுவரைக்கும் அண்ணன் மிதிக்கட்டும்."

மாமாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "எத்தன கிலோமீற்றர்னு காட்டுமா?" என்றார். கண்டிக்குக் கிளினிக் போன நாளில் டாக்டரிடமும் கேட்டிருக்கிறார். "தலகீழா நிக்காம எதையும் செய்யலாம்னாரு" என்றார் அம்மாவிடம்.

ஞாயிற்றுக்கிழமை ஸுஹைல் அதை ஓட்டோவில் கொண்டுவந்தார். இரும்புக் குழாயில் செய்த ஒரு முக்காலி போல இருந்தது. இரண்டு பக்கமும் அச்சைக் கவ்வ இரண்டு கிண்ணங்கள், நடுவில் சக்கரத்தில் உரசி உருளும் ஓர் உருளை. ஸுஹைல் சைக்கிளைச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தார்.

"அண்ணன், இது அவங்கட மெல்லிசான சைக்கிளுக்குச் செஞ்ச சாமான். ஒங்கட அச்சுல ஸ்டாண்டும் ஈக்கி, கெரியர் காலும் ஈக்கி. ரெண்டையும் கழட்டணும்."

"ஸ்டாண்ட கழட்டு. கெரியர தொடாத."

"கழட்டாம ஏத்த ஏலாது."

"கெரியர் இல்லாத சைக்கிள்ல எங்க போறது?"

"எங்கயும்தான் போகப் போறதில்லையே, தம்பி" என்றார் அம்மா.

அந்தக் கெரியரில்தான் தபால் பை போனது. அதில்தான் நான் பதினொரு வருடம் பள்ளிக்கூடப் பஸ் நிற்கும் இடம்வரை போனேன். கடைசியில் ஸுஹைல் கெரியரின் கால்களை மட்டும் அச்சிலிருந்து விடுவித்து, மேலே மடக்கி, பழைய டியூப்பைக் கிழித்துக் கட்டினார். பார்க்கக் கெரியர் இருந்தது. பாரம் தாங்காது.

அடுத்தது, எங்கே வைப்பது. சுவரோரம் வைத்தால் பெடல் சுவரில் இடித்தது. நடுவில் நேராக வைத்தால் மாமா படுக்க இடமில்லை. என் மேசையைக் காம்பராவுக்குள் தள்ளினோம். அம்மா கோதுமை மா டின்னை அடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். அப்போதுதான் மாமா என்னிடம் கேட்டார்.

"ஒன் போன்ல வஹகோட்ட எந்தப் பக்கம்னு பாரு."

பார்த்தேன். அடுப்படி மூலையிலிருந்து வாசல் கதவு மூலைக்குக் கோடு போட்டதுபோல் வந்தது. நேர்த்தியை சாமிக்கு முகம் கொடுத்துத்தான் செலுத்த வேண்டும், சுவரைப் பார்த்து எப்படி மிதிப்பது என்றார் மாமா. அதனால் சைக்கிள் மூலைக்கு மூலை நின்றது. முன்சக்கரம் கதவுக்குக் குறுக்கே வந்துவிட்டதால் கதவு பாதிதான் திறந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் யார் வந்தாலும் ஒருக்களித்துத்தான் வர வேண்டும்.

"பெரிய அரிசி மூட்ட வந்தா என்னா செய்றது?" என்றார் அம்மா.

"பாதி பாதியா வாங்கு."

"வீட்டுக்குள்ள நிக்கிற சைக்கிளுக்கு பெல்லு எதுக்கு? அதையாவது கழட்டு."

"நீ குறுக்க வந்தா அடிக்கத்தான்."

பின்சக்கரம் முக்காலியில் ஏறி நின்றதால் முன்பக்கம் தாழ்ந்து கிடந்தது. மட்டம் செய்ய ஏதாவது வேண்டும் என்றார் ஸுஹைல். நான் யோசிக்காமல் போட்டிப் பரீட்சைப் புத்தகங்கள் மூன்றை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். மாமா குனிந்து அவற்றை எடுத்தார். ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றி மேசையில் வைத்தார்.

"படிப்பு மேல ஏறி நின்னு நேர்த்தி குடுக்கச் சொல்றியா?"

அம்மா உட்காரும் பலகை அங்கே போனது. ஆனால் மாமா அதையும் வெளியே இழுத்துவிட்டார். "நம்ம வீட்டுலருந்து இரத்தோட்ட வரைக்கும் எறக்கந்தானே? ஆறு கிலோமீற்றருக்குப் பலக தேவல்ல. அதுக்குப் பொறவு போடு."

"அண்ணன், இது அப்படியில்ல, மட்டமா நிக்கணும்" என்றார் ஸுஹைல்.

"எறக்கத்துல மட்டமா போறவன் கானுக்குள்ளதான் போவான். எனக்குத் தெரியும்."

ஸுஹைல் வாதாடவில்லை. பின்சக்கரத்தில் ஒரு சின்ன மீற்றரைப் பூட்டி, உருளையை டயரோடு நெருக்கும் திருகை முறுக்கினார். "காத்து கொறஞ்சா வழுக்கும். நீங்களே அமுக்கிப் பாருங்க" என்றார். மாமா பெருவிரலை வைத்து அமுக்கினார். அவர் முகத்தைப் பார்த்து ஸுஹைலும் நானும் வெளியே வந்துவிட்டோம்.

முதல் நாள் நாலு கிலோமீற்றரில் இறங்கிவிட்டார். "காத்தே இல்ல. ஓடுனா காத்து மொகத்துல அடிக்கணுமே" என்றார். நான் அட்டை ஒன்றை எடுத்து விசிறினேன். அது வேண்டாம் என்றார். ஆனாலும் மறுநாளும் ஏறினார். ஏப்ரல் முடியும்போது இருபது வந்தது. உருளை சத்தம் கூரைக்கடியால் லயம் முழுவதும் போனது. பக்கத்துக் காம்பரா ஆட்கள், "ஒங்க வீட்டு வண்டு இன்னைக்கு எத்தன மணிக்குப் பறக்கும்?" என்று கேட்டுத் தங்கள் வேலையை அதற்கேற்ப வைத்துக்கொண்டார்கள். டயர் தேய்ந்து கறுப்புத் தூள் தரையில் விழும். அம்மா தினமும் கூட்டிக்கொண்டே, "ஓடாத சைக்கிளுக்கு இவ்வளவு தேய்மானமா" என்பார்.

அவரைப் பார்த்துக்கொண்டே நான் என்னைப் பற்றியும் யோசித்தேன். நானும் மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். விண்ணப்பம், நேர்முகம், மறுபடியும் விண்ணப்பம். ஆனால் என் களைப்பையும் அவர் களைப்பையும் ஒன்றாக வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரை நான்தான் நிறுத்தினேன்.

ஜூன் பதின்மூன்று. திருநாள். அம்மா விளக்கேற்றினார். மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நீட்டு மெழுகுதிரி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினார். பலகை இல்லை, முன்சக்கரம் தாழ்ந்தே இருந்தது. ஆறு கிலோமீற்றரில் நின்று ஒரு காலை ஊன்றினார். நான் பலகையை வைத்தேன்.

"இரத்தோட்ட" என்றார். "ஸுஹைல் கட தொறந்திருக்கு."

பதினேழில் மாத்தளை என்றார். மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, மீற்றரையும் பார்க்கவில்லை. கதவு இடுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மிஞ்சியிருந்த பார்வைக்கு அந்த இடுக்கு போதுமாக இருந்திருக்கும். அதற்கு மேல் அவர் இடங்களின் பெயரைச் சொல்லவில்லை. சைக்கிளில் அதற்கு அப்பால் அவர் போனதே இல்லை.

முப்பத்திரண்டில் கால் தளர்ந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா தேத்தண்ணி கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, திரும்பாமலே, "நிஷா" என்றார்.

"என்ன மாமா?"

"நானும் வாறேன்னு சொன்னியே. ஏறு."

கெரியரைப் பார்த்தேன். டியூப் துண்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கெரியர் தாங்காது மாமா."

"ஆமா, இல்ல?" என்றார். மறந்துபோனவர் மாதிரி. பிறகு மிதித்தார்.

நான் பின்னால் போய்க் கெரியரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். அது அதிர்ந்துகொண்டே இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். லோஜனாவைப் பற்றி, தபால் கந்தோர் உத்தியோகத்தரைப் பற்றி. சொன்னால் கால் நின்றுவிடுமோ என்று பயந்தேன். அது உண்மையான பயமா, அதுவும் ஒரு சாட்டா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

மீற்றர் நாற்பத்தைந்து காட்டியதும் சொன்னேன். உருளை சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மாமா இறங்கினார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்தார். உடம்புச் சூட்டில் அது வளைந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தார். அவர் டிரங்குப் பெட்டி. அம்மாவின் அடுப்பு. என் மேசை இருந்த இடத்தில் கிடந்த விளக்குமாறு.

"கொளுத்து தம்பி, அந்தோனியார் பாத்துக்கிட்டுதான் இருப்பாரு" என்றார் அம்மா.

"எங்க கொளுத்துறது? எறங்குனா நம்ம வீடா இருக்கே."

"அவருக்குத் தெரியாதா நீ மிதிச்சது?"

"அவருக்குத் தெரியும் அக்கா. வீட்டுலருந்து வாறேன்னு சொன்னேன். இன்னும் வீட்டுலதானே நிக்கிறேன்."

மெழுகுதிரியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். பஸ்ஸில் போய்க் கொளுத்திவிட்டு வருவோம் என்று நான் எத்தனையோ தடவை கேட்டேன். பஸ்ஸில் போவதென்றால் அன்றைக்கே போயிருப்பேன் என்பார். என்னைச் சைக்கிள் ஓட்டப் பழகச் சொன்னதும் இல்லை, பின்னால் வைத்துக் கொண்டுபோகச் சொன்னதும் இல்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கெரியர் இருந்தவரை பழகத் தேவை வரவில்லை. மாமா மட்டும் நிறுத்தாமல் மிதித்தார். அடுத்த ஜூனுக்குக் கால் வேண்டும் என்றார். பாதையில் எப்படிப் போவீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. மாத்தளை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். ஆறாம் நாள் நாங்கள் அவர் உடலைக் கொண்டுவந்தபோது இஸ்தோப்பில் வைக்க இடமில்லை. சைக்கிளை எடுக்கலாம் என்றார்கள். அம்மா விடவில்லை. லயத்து வாசலில் பந்தல் போட்டு அங்கேயே வைத்தோம்.

வைத்தவர் இல்லாமல் போனால் நேர்த்தி வீட்டு ஆட்களுக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாருக்காக வைத்தாரோ அவள்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார். நான் தினமும் அந்த இருக்கையில் ஏறி, கதவு இடுக்கைப் பார்த்துக்கொண்டு மிதிக்கிறேன். பதினெட்டுக் கிலோமீற்றர் வருகிறது. ஆனால் முக்காலி பிடித்துக்கொண்டிருக்கும் சைக்கிளில் விழாமல் இருக்க யாரும் பழக முடியாது. ஸுஹைல் கடைச் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து தோட்டத்துப் பந்தடி மைதானத்தில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். கையை விட்டதும் நான் விழுந்தேன். மூன்று ஞாயிறும் விழுந்தேன். "கால் நல்லா ஈக்கி தங்கச்சி, மத்ததுதான் இல்ல" என்றார்.

வெள்ளைக்காரர் இன்னும் சாமானைத் தேடி வரவில்லை. நேற்று டயரை அமுக்கிப் பார்த்தேன். நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகியிருந்தது. கதவு இன்னமும் பாதிதான் திறக்கிறது. வளைந்த மெழுகுதிரி பெட்டிக்குள் இருக்கிறது. அடுத்த திருநாளுக்கு ஐந்து மாதம். அந்தோனியாருக்கு மாமா கொடுக்க வேண்டிய நாற்பத்தைந்து கிலோமீற்றர் அப்படியே நிற்கிறது.